விலை கொடுத்தாயிற்று

திருவிழா மேடையில் கீபோர்டுக்காரர் என்றால் இரண்டடுக்கு ஸ்டாண்டும், அதன்மேல் இரண்டு கனத்த கீபோர்டுகளும், தூக்கிவர இரண்டு ஆளும் என்று இருந்த காலம் போய்விட்டது. வளையமாதேவிப் பக்கம் மெல்லிசைக் குழு ஒன்றில் வாசிக்கும் என் நண்பர் இப்போது பைக்கில் வந்து இறங்குகிறார். முதுகுப் பையில் ஒரு லேப்டாப், கையகல ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு சஸ்டெய்ன் பெடல். பின்சீட்டில் கட்டிய உறையில் 61 கட்டை கன்ட்ரோலர். அந்தக் கன்ட்ரோலருக்குள் சத்தம் என்று எதுவுமே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகத்தில் அழுத்தினார், எப்போது விட்டார் என்ற எண்களை மட்டும் அது லேப்டாப்புக்கு அனுப்பும். 1983-இல் வந்த மிடி என்கிற ஏற்பாடு இன்றைக்கும் அப்படியேதான் நடக்கிறது. சத்தமெல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது. வயலின் கூட்டம், புல்லாங்குழல், ஷெனாய், கிராண்ட் பியானோ, நாதஸ்வரம், எல்லாம்.

இதைக் கட்டி முடிக்க அவருக்கு ஏழெட்டு மாதம் ஆனது. பாட்டுக்கு ஒரு பேட்ச். ஒவ்வொன்றிலும் இடது கைக்கு ஒரு சத்தம், வலது கைக்கு ஒரு சத்தம். பல்லவி முடிந்து இடையிசை வரும்போது பெடலை மிதித்தால் அடுத்த பேட்ச். பாட்டு வரிசையைக் கடைசி நேரத்தில் கமிட்டிக்காரர் மாற்றுவார், அதற்கும் வழி வைக்க வேண்டும். பெரிய தொல்லை தாமதம்தான். கட்டையை அழுத்தியதும் லேப்டாப் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைச் சேர்த்துத்தான் வெளியே விடும். ஒரு தவணைக்கு 256 மாதிரி என்று வைத்தால், விநாடிக்கு 44,100 மாதிரி ஓடும் கணக்கில், ஏறக்குறைய 6 மில்லிவிநாடி. 64 என்று குறைத்தால் ஒன்றரை மில்லிவிநாடிக்குக் கீழே வரும், ஆனால் லேப்டாப் திணறிக் கரகரக்கும். காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஒலிக்கு 3 மில்லிவிநாடி ஆகிறது. ஆக 6 என்பது மானிட்டர் பெட்டியை இரண்டு மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். மனிதக் கை அதற்குப் பழகிக்கொள்ளும். நண்பர் 128-இல் நிறுத்தி, வைஃபையை அணைத்து, அப்டேட்டுகளை முடக்கி, மேடைக்கென்றே அந்த லேப்டாப்பை ஒதுக்கிவிட்டார். ஜெனரேட்டர் நின்றுபோனால் ஒரு வேடிக்கை. பேட்டரியில் லேப்டாப் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் காதுக்குள் பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும், ஊருக்கு ஒன்றும் கேட்காது.

இதெல்லாம் நிஜ வாசிப்பா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. 1992-இல் ‘ரோஜா’ வந்தபோதே தமிழ்நாடு அதற்குக் காதால் பதில் சொல்லிவிட்டது. தப்பாக அழுத்தினால் தப்பாகத்தான் கேட்கும், பாடகர் தாளம் தள்ளினால் கூடவே தள்ளிப் பிடிக்க வேண்டும். அது வாசிப்புதான். என்னைத் தொந்தரவு செய்த கேள்வி வேறொருவர் கேட்டது.

ஒரு கோயில் திருவிழாவில் சாமி புறப்பாட்டுக்கு மேளம் வாசித்த நாதஸ்வரக்காரர், இரவுக் கச்சேரிக்கு மேடை தயாராகும்போது ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நண்பர் நாதஸ்வர பேட்சைச் சோதித்துக்கொண்டிருந்தார். அதில் தனித்தனி ஸ்வரங்களோடு, யாரோ முழுதாக ஊதிப் பதிந்த சின்னச் சின்னச் சங்கதிகளும் உண்டு. ஒரு கட்டையைத் தட்டினால் ஒரு முழு வீச்சு வரும். பெரியவர் கிட்டே வந்து கேட்டார்: “தம்பி, இது யாரு ஊதுனது?”

“லேப்டாப்ல இருக்குங்கய்யா.”

“அது தெரியுது. யாரு ஊதுனதுன்னு கேக்குறேன். நல்லா பழகுன கை. எந்த ஊருக்காரரு?”

நண்பருக்குத் தெரியவில்லை. மென்பொருளோடு வந்த காகிதங்களில் தேடினார். நிறுவனத்தின் பெயர் இருந்தது, எத்தனை ஜிகாபைட் என்று இருந்தது, ‘ராயல்டி-ஃப்ரீ’ என்று இருந்தது. ஊதியவர் பெயர் இல்லை. பிறகு என்னிடம் சொன்னபோது கொஞ்சம் கோபமாகவே சொன்னார்: “அண்ணே, நான் திருட்டு சாஃப்ட்வேர் போடல. காசு குடுத்துதான் வாங்கினேன். அவருக்கும் கம்பெனிக்காரன் காசு குடுத்துருப்பான்ல? அப்புறம் என்ன?”

அப்புறம் என்ன என்பதுதான் கேள்வி. அவர் சொன்னதில் தவறே இல்லை. வாங்கியவர் விலை கொடுத்தார். விற்றவர் கூலி கொடுத்திருப்பார். ஊதியவர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரு நாள் கூலிக்கு ஊதிய மூச்சு எத்தனை ஆயிரம் மேடைகளில் ஒலிக்கும் என்று யாரும் எண்ணியிருக்க முடியாது. அந்த மேடைகளில் சிலவற்றில் ஒரு நாதஸ்வரக்காரர் நின்றிருக்கக்கூடும். ‘ராயல்டி-ஃப்ரீ’ என்றால் இனி யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை என்று பொருள். கடனில்லாமை என்பது ஒரு சரக்கின் சிறப்பம்சமாக அட்டையில் அச்சாகிறது.

ஒருமுறை விலை கொடுத்து வாங்கிய பொருள் காலத்துக்கும் விளைந்துகொண்டே இருந்தால், அந்த விலையோடு கணக்குத் தீர்ந்ததா? வளையமாதேவிக்காரர்களுக்கு இது இசைக் கேள்வியாகத் தொடங்காது. 2023 ஜூலை 26 அன்று, பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, நின்றிருந்த நெற்பயிரின்மேல் பொக்லைன் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே பார்த்தது. என்எல்சி நிறுவனத்தின் வாதம் எளிமையானது: நிலம் பல வருடங்களுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடு கொடுத்தாயிற்று, பயிர் வைக்க வேண்டாம் என்றும் சொல்லியாயிற்று. சட்டப்படி நிலம் நிறுவனத்துடையது. பயிர் வைத்தவர்கள் உழுதது தங்கள் கையும் காலும் பழகிய மண்ணை. சென்னை உயர்நீதிமன்றம் பயிரிழப்புக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. நிலத்துக்கான விலை கொடுத்து முடிந்த பிறகும், அதில் நின்ற நெல்லுக்கு ஏதோ பாக்கி இருக்கிறது என்பதை அந்த உத்தரவு ஒப்புக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டும் ஒன்று இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பழுப்பு நிலக்கரியை வெட்டினால் மண் போய்விடும். பதிவு செய்ததால் அந்த நாதஸ்வரக்காரரின் மூச்சு குறையாது. மறுநாள் காலை அதே சீவாளியை வைத்து அவர் ஊதலாம். ஒலிமாதிரி என்பது எடுக்க எடுக்கக் குறையாத சுரங்கம். அதனாலேயே சாலமாண்டர் பியானோ மாதிரி காரியங்களும் நடக்கின்றன. அலெக்சாண்டர் ஹோம் என்பவர் ஒரு யமஹா சி5 பியானோவின் 30 ஸ்வரங்களை, ஒவ்வொன்றையும் 16 விதமான அழுத்தத்தில், ஆக 480 தடவை பதிந்து, இலவசமாகவே உலகத்துக்கு விட்டுவிட்டார். நண்பரின் லேப்டாப்பில் இருக்கும் பியானோ அதுதான். அங்கே கொடுத்தவர் பெயர் தெரியும், கொடுப்பதென்று தெரிந்தே கொடுத்தார். கடன் உண்டு, ஆனால் மனதை உறுத்தாத கடன்.

குறையாதது ஊதியவரின் மூச்சு. குறைவது அடுத்தவரின் வேலை. பதிந்துகொடுத்தவர் ஒருவர், அதனால் அழைப்பு இழப்பவர் வேறொருவர். முன்னவருக்கு எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாலும் பின்னவருக்கு ஒரு காசு போகாது. பதிந்தவருக்கு ராயல்டி கொடுத்தால் எல்லாம் சரி என்று பேசுபவர்கள் இந்த இடத்தைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இதைச் சரியாகப் பிடித்தவர்கள் அமெரிக்க வாத்தியக்காரர் சங்கத்தினர். இசைத்தட்டுகள் வந்ததால் வானொலியிலும் ஹோட்டல்களிலும் நேரடிக் கச்சேரி குறைந்தது. 1942 ஆகஸ்ட் 1 முதல் சங்கத் தலைவர் பெட்ரில்லோ பதிவையே நிறுத்தினார். பெரிய கம்பெனிகள் பணிய 1944 நவம்பர் வரை ஆனது. அவர் கேட்டு வாங்கியது இசைத்தட்டில் வாசித்தவருக்கான பங்கை அல்ல. விற்கும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு சிறு தொகை ஒரு பொது நிதிக்குப் போனது. அந்த நிதியிலிருந்து வேலையிழந்த வாத்தியக்காரர்களை அழைத்து, ஜனங்களுக்கு இலவசக் கச்சேரி வைத்தார்கள். 1982-இல் லண்டன் கிளைச் சங்கம் ஒன்று சின்தசைசரையே தடை செய்யத் தீர்மானம் போட்டது, அது எடுபடவில்லை. கருவியைத் தடுப்பது முட்டாள்தனம். கருவியின் விளைச்சலில் பங்கு கேட்பது அப்படி அல்ல.

நம்மிடமும் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்திய கல்வெட்டு. ஒவ்வொருத்தியும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, பெயர் என்ன என்று வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்பவர், வாத்தியம் வாசிப்பவர் ஆகியோருக்கும் பங்கு. ஒருவர் இறந்துபோனால் உறவில் தகுதியானவர் அந்தக் காணியைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும், தகுதி இல்லையென்றால் தகுதியான இன்னொருவரைப் போட வேண்டும். இதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பெண்களை யாரும் விருப்பம் கேட்டிருக்க மாட்டார்கள். மேளத்தைச் சாதியோடு கட்டிப்போட்டதில் மானியத்துக்கும் பங்குண்டு. ஆனால் கணக்கின் வடிவத்தைப் பாருங்கள்: பெயர் இருக்கிறது, விளைகிற வரைக்கும் பங்கும் இருக்கிறது. ஆயிரம் வருடம் கழித்து, எத்தனையோ ஜிகாபைட் இடம் இருந்தும், ஊதியவர் பெயருக்கு ஒரு வரி இடமில்லை.

நண்பர் இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தார், நல்ல பதில்தான். “அண்ணே, நாயனக்காரரு கூட ஒத்து ஊத ஒருத்தர் இருப்பாராமே, அவரு எங்க? சுருதிப் பெட்டி வாங்குனப்ப ஒத்துக்காரர அனுப்புனது நானா?” உண்மை. கோயில்களில் பூஜை நேரத்துக்கு மோட்டார் வைத்த மேளப்பெட்டி தானாக அடிப்பதும் கீபோர்டுக்காரர் செய்த வேலை இல்லை. தவில் சத்தத்தை ஆக்டோபேடுக்குள் கொண்டுபோனதும் அவர் இல்லை. எல்லாருமே யாரோ ஒருவரின் இடத்தில்தான் நிற்கிறோம். ஆனால் எல்லாரும் செய்தது என்பதால் கடன் இல்லாமல் போகாது. அது பலர்மேல் பரவியிருக்கிறது, அவ்வளவுதான்.

கடன் பரவியிருந்தாலும் லாபம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பதினைந்து பேர் வந்த குழு இப்போது ஆறு பேராக வருகிறது. மிச்சமான ஒன்பது பேர் சம்பளம் கீபோர்டுக்காரருக்கு வந்ததா? இல்லை. “எல்லாந்தான் பொட்டிக்குள்ள இருக்கே, எதுக்கு இவ்ளோ கேக்குறீங்க?” என்று கமிட்டி பேரம் பேசிக் குறைத்துவிட்டது. லேப்டாப் கடனுக்குத் தவணை கட்டுவது நண்பர். சத்தத்தை விற்றது எங்கோ ஒரு நிறுவனம். மலிவாகக் கேட்டது ஊர், அதாவது நாம். ஆகவே தனியொரு வாத்தியக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குச் சம்மதம் இல்லை. அவரால் தீர்க்கக்கூடிய பகுதி சின்னது. அந்தச் சின்னது எது என்பதில் மட்டும் அவரோடு வாதாடினேன்.

நாதஸ்வரம் விஷயத்தில் அது தெளிவாகவே இருக்கிறது. விரலுக்கு ஏழு துளை, அரைத் துளை மூடியும் மூச்சை இறுக்கியும் தளர்த்தியும்தான் கமகம் வருகிறது. கன்ட்ரோலரில் ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டையும் ஓரத்தில் ஒரு வளைப்புச் சக்கரமும். இடது கட்டைவிரலால் அந்தச் சக்கரத்தைத் தள்ளி ஒரு தோடியை ஒப்பேற்றலாம், பந்தலில் யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வரை அதே ஊரில் மேளம் வாசித்தவர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். முதல் பக்திப்பாட்டுக்கு அவரை மேடைக்குக் கூப்பிட ஒரு மைக் போதும்; கூடவே அவருக்கு ஒரு பங்கும் ஒதுக்க வேண்டும். சுருதிதான் சிக்கல். நாதஸ்வரத்தின் சுருதியை மாற்ற முடியாது, லேப்டாப்பில் மொத்தப் பாட்டையும் ஒரு எண்ணைத் தட்டி ஏற்றி இறக்கிவிடலாம். அந்த வசதிக்காகத்தானே இவ்வளவு மாதம் உட்கார்ந்து இதைக் கட்டினார்?

நண்பர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. பேட்சை அழிக்க மாட்டேன் என்றார், மேளம் வராத ஊர்களும் இருக்கின்றன. மேளம் வருகிற ஊர்களுக்குத் தனிப் பாட்டுவரிசை ஒன்று வைத்திருக்கிறார், அதில் அந்த பேட்ச் இல்லை. பங்கு விஷயத்தைக் குழுவில் பேசினார். கிடாரிஸ்ட் சரி என்றார், பாடகர்கள் இருவர் இன்னும் யோசிக்கிறார்கள். ஊதியவர் பெயர் கேட்டு மென்பொருள் நிறுவனத்துக்கு ஒரு மெயிலும் போட்டிருக்கிறார். வாங்கியதற்கு நன்றி என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது.