எல்லாம் ஒரிஜினல்தானா?

போன வருஷம் அப்பாவின் ஹோண்டா சி70-ஐ இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். வாங்க வந்த பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அவன் தாத்தா தோட்டத்தில் ஓட்டிய வண்டியும் இதே மாடல், இதே நீலமாம். குனிந்து, போன் வெளிச்சத்தில் இன்ஜின் நம்பரைப் படித்து, கெரானோடு ஒப்பிட்டான். சரியாக இருந்தது. “எல்லாம் ஒரிஜினல்தானாண்ணே?” என்றான். “ஆமாம்பா” என்றேன்.

சைடு கவர் இரண்டும் பிறகு வாங்கிப் போட்டவை. அதைக்கூட விடலாம். மீட்டர் வேறொரு வண்டியிலிருந்து கழற்றியது. அந்த மீட்டரைத்தான் அவன் படம் எடுத்துக்கொண்டான். “இவ்ளோ தூரம் உங்கப்பா ஓட்டியிருக்காரு” என்று சிரித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கட்டுரையில் மீட்டர் விஷயம் வரக்கூடாது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். சினிமாவில் ஓடிய கார்களைப் பற்றி எழுதுவதாகத் திட்டம். அந்த மாதிரி கார்கள் விற்பனைக்கு வரும் விளம்பரங்களை இரவில் உட்கார்ந்து படிப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். வாங்கப் போவதில்லை. பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிற சுப்ரா 2021-இல் ஐந்தரை லட்சம் டாலருக்கு ஏலம் போனபோது, என் வயதுப் பையன்கள் எல்லாரும் அந்தச் செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். அவ்வளவுதான் நமக்கும் அதற்கும் உள்ள உறவு. ஆனால் ஒரு கேள்வி மட்டும் விடவில்லை. இது அந்தக் கார்தான் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அந்தக் கார் என்றால் எந்தக் கார்?

1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மேட்டுச் சாலைகளில் ஸ்டீவ் மெக்குயீன் ஒரு பச்சை மஸ்டாங்கில் பறப்பார். திரையில் ஒரு கார். படப்பிடிப்பில் இரண்டு, அதுவும் அடுத்தடுத்த வரிசை எண் கொண்டவை. ஒன்று நடிகருக்கு, மற்றது பாய்ந்து விழுந்து அடிபட. (அந்தத் துரத்தல் காட்சியில் ஒரே பச்சை வோக்ஸ்வாகன் திரும்பத் திரும்ப வரும். வில்லன்களின் சார்ஜரிலிருந்து அதற்கு இருப்பதைவிட அதிகமான சக்கர மூடிகள் கழன்று ஓடும். உண்மையைத் தேடிப் போக சினிமா அவ்வளவு நல்ல இடமல்ல.)

நடிகரின் கார் 1974-இல் ஒரு பத்திரிகை விளம்பரம் வழியாக 6,000 டாலருக்குக் கைமாறியது. வாங்கிய குடும்பம் அதைச் சாதாரண வீட்டுக் காராக ஓட்டியது. அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த அதில்தான் போய்வந்தார். 1977-இல் மெக்குயீனே கடிதம் எழுதி அதைத் திருப்பிக் கேட்டார். கொடுக்கவில்லை. பிறகு பல வருஷம் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வெளியே வந்தது. 2020-இல் கட்டணங்கள் சேர்த்து 3.74 மில்லியன் டாலருக்கு விலைபோனது. புதுப் பெயிண்ட் அடிக்கவில்லை. கேமரா பொருத்துவதற்காக அடியில் வெல்டு வைத்த இரும்புகூட அப்படியே இருந்தது.

என் வேலை தர ஆய்வு. தொழிற்சாலையில் ஓர் அளவுகோல் சரியானது என்று ஒரு சான்றிதழ் சொன்னால், அந்தச் சான்றிதழைச் சொன்னது யார், அவரை அளந்தது யார் என்று பின்னாலேயே போவோம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்தக் காகிதம் வெறும் காகிதம். சினிமா கார் விளம்பரங்களில் பளபளவென்று ‘உண்மைச் சான்றிதழ்’ இருக்கும், தங்க முத்திரையோடு. பல சமயம் அதில் கையெழுத்துப் போட்டவரே விற்பவராகவும் இருப்பார். இன்னொரு முறை, படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்தி, கீறல், நசுங்கல், எம்பளம் சாய்ந்திருக்கும் கோணம் எல்லாவற்றையும் காரோடு ஒப்பிடுவது. நல்ல முறைதான். ஆனால் அதே ஃபிரேமைப் பார்த்து அதே இடத்தில் கீறல் போடவும் முடியுமே.

மெக்குயீனின் கடிதம் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது சான்று சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. ஒரு மனுஷன் தனக்குப் பிடித்த காரைக் கேட்கிறான், அவ்வளவுதான். சாட்சி சொல்லும் எண்ணமே இல்லாமல் இருந்ததால்தான் அது நம்பத்தக்க சாட்சி. கேமரா இரும்பும் அப்படியே. 2018-இல் யாரையோ நம்பவைப்பதற்காக 1968-இல் அதை யாரும் வைக்கவில்லை.

இரண்டாவது கார்? அடிபட்டுக் குப்பைக்குப் போய்விட்டதென்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். மெக்சிகோவின் பாஹா பகுதியில் ஒரு துருப்பிடித்த மஸ்டாங் கூட்டை வாங்கிய ஒருவர், அதை வேறொரு படத்தில் வரும் ‘எலனோர்’ காரின் நகலாக மாற்றும் வேலையில் இருந்தார். உடலில் குத்தியிருந்த எண்ணைத் தேடிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளை வைத்திருக்கும் கெவின் மார்ட்டி நேரில் போய்ப் பார்த்து உறுதிசெய்தார். 2017-இல் செய்தி வந்தது. ஒரு நிஜம், இன்னொன்றின் போலியாக மாறும் தறுவாயில் இருந்திருக்கிறது.

நெல்சன் குட்மன் என்ற தத்துவவாதி, இரண்டு ஓவியங்களுக்கு இடையே இன்று எனக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதால், வேறுபாடு இல்லை என்றாகிவிடாது என்று வாதிடுவார். ஒன்று போலி என்று தெரிந்துவிட்டாலே, நான் பார்க்கும் விதம் மாறிவிடுகிறது. தற்செயலாக, அவர் இதை எழுதிய புத்தகமும் 1968-இல் வந்ததுதான். ‘புல்லிட்’ பார்த்தாரா தெரியாது.

குட்மனை எடுத்துக்கொண்டு ‘டியூக்ஸ் ஆஃப் ஹஸார்ட்’ தொடரின் ‘ஜெனரல் லீ’ பக்கம் போனால் தலை சுற்றும். ஆரஞ்சு நிற 1969 டாட்ஜ் சார்ஜர். ஏழு பருவங்களில் முந்நூறு கார் வரை தீர்ந்திருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. பாய வைப்பார்கள், நொறுங்கும், அடுத்ததைக் கொண்டுவருவார்கள். 1969 மாடல் கிடைக்காதபோது 1968 மாடலை ஒப்பனை செய்து நிறுத்தினார்கள். இதில் எது ஜெனரல் லீ? எனக்குத் தோன்றுவது, கார்கள் எல்லாம் நடிகர்கள், ஜெனரல் லீ ஒரு பாத்திரம். கூத்தில் கர்ணனாக வேஷம் கட்டியவரைக் காட்டி, இவர்தான் அசல் கர்ணன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த ராத்திரி, அந்த ஊரில் ஆடியவர் இவர்தான் என்று சொல்லலாம். அது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும். படத்தில் ஓடிய வண்டி என்ற சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அது பொருளைப் பற்றிய சொல் அல்ல. ஒரு சம்பவத்தைப் பற்றிய சொல்.

ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் இதைச் சோதிக்கிறது. ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்துக்காகக் கருவிகள் பொருத்திய டிபி5-இலிருந்து, வேலை முடிந்ததும் கம்பெனியே எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக விற்றது. பின்னால் வந்த உரிமையாளர் மறுபடி கருவிகளைப் பொருத்தினார். உடல் அசல், துப்பாக்கிகள் நகல். அந்தக் கார் 1997-இல் ஃபுளோரிடாவில் திருடுபோனது. இதற்கு நேரெதிர், ‘தண்டர்பால்’ படத்தின் விளம்பரத்துக்காகத் தயாரித்த டிபி5. கருவிகள் உண்டு, படத்தில் ஒரு ஃபிரேம்கூட இல்லை. 2019-இல் 6.4 மில்லியன் டாலருக்குப் போனது. 2010-இல் திரையில் வந்த ஒன்றே சுமார் 4.6 மில்லியனுக்குத்தான் விற்றிருந்தது. வருஷங்கள் வேறு, சந்தை வேறு, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனால் 2019-இல் யாரும் ஏமாற்றப்படவில்லை. இது திரையில் வரவில்லை என்று சொல்லித்தான் விற்றார்கள். நகலாக இருப்பதில் குற்றமில்லை. நகலை வேறொன்றாகச் சொல்வதில்தான் இருக்கிறது.

என் நண்பன் ஒருவன் இதை ஏற்கமாட்டான். “வாங்குனவன் சந்தோஷமா இருக்கான், கடைசிவரைக்கும் அவனுக்குத் தெரியாது. இதுல யாருக்குடா நஷ்டம்?” என்பான். ரொம்ப நாள் எனக்குப் பதில் இல்லை. இப்போது ஒன்று சொல்வேன். வாங்கியவன் கொடுத்தது பணம் மட்டுமல்ல. அந்த வண்டியில் கை வைக்கும்போது எதை நினைக்க வேண்டும் என்பதை விற்றவனிடம் ஒப்படைத்துவிட்டான். அந்தப் பையன் இப்போது மீட்டரைப் பார்க்கும் போதெல்லாம் என் அப்பாவை நினைக்கிறான். அந்த கிலோமீட்டர் எல்லாம் யாரோ முகம் தெரியாத ஒருவர் ஓட்டியது.

போன வாரம் அவனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. எவ்வளவு திருப்பித் தரணும் என்று கேட்டேன்.

“காசு வேணாண்ணே. எது மாத்துனது, எப்ப மாத்துனது, எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி சைன் பண்ணிக் கொடுங்க. கெரானோட வச்சுக்கிறேன்.”

எழுதிக்கொண்டிருக்கிறேன். மீட்டரை அப்பா எந்த வருஷம் மாற்றினார் என்று நினைவில்லை. அம்மாவிடம் கேட்க வேண்டும்.