ஈடு என்னும் சொல்லும் மூன்றடி வணக்கமும்

ஓர் ஈரநிலத்தை அழித்துவிட்டு அதற்கு ஈடாக வேறோர் இடத்தைக் காட்டினால் அழித்தவரின் கடன் தீருமா என்னும் வினா, சட்டத்தின் வினாவாகத் தோன்றினும் அடிப்படையில் அறவியலைச் சார்ந்தது. 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை, சதுப்புகள், ஏரிகள் முதலாக, ஓதம் வற்றிய வேளையில் ஆறு மீட்டருக்கு மேற்படாத ஆழமுடைய கடற்பகுதி வரை யாவற்றையும் ஈரநிலம் என வரையறுத்து, அவற்றின் இயல்பு கெடாதவாறு பயன்கொள்ளும் 'அறிவார்ந்த பயன்பாடு' என்னும் நெறியை உறுப்பு நாடுகளுக்கு விதித்தது. ஆயினும், அவசரத் தேசிய நலனை முன்னிட்டுப் உடன்படிக்கையின் பட்டியலில் தான் சேர்த்த இடத்தை ஒரு நாடு நீக்கவும் குறுக்கவும் இடமளித்து, நேரும் இழப்பை இயன்றவரை ஈடுசெய்யுமாறு மட்டுமே அது கூறுகிறது. எது அவசரம் என்பதை முடிவுசெய்வது அந்தந்த நாடே.

ஈடு பற்றிய அவ்வினாவை அறத்தின் பக்கமிருந்து அணுகிய நிகழ்வு ஒன்று உண்டு. தென்கொரியாவின் மேற்குக் கரையில், சேமன்கும் என்னும் கழிமுகத்தின் சேற்றுவெளியை ஏறத்தாழ 33 கிலோமீட்டர் கடற்சுவரால் அடைத்து நிலமாக்கும் பணி நடந்தபோது, 2003-இல் பௌத்தம், கத்தோலிக்கம், புராட்டஸ்டண்டு, வொன் பௌத்தம் ஆகிய நான்கு சமயங்களின் துறவியரும் குருமாரும் அங்கிருந்து தலைநகர் சோல் வரை 65 நாள் மூன்றடிக்கு ஒருமுறை நிலத்தில் விழுந்து வணங்கியபடியே சென்றனர். 'சம்போ இல்பே' எனப்படும் இவ்வழிபாட்டில் மூன்றடியும் பேராசை, வெகுளி, மயக்கம் ஆகிய மூன்று நஞ்சுகளை உதறுவதைக் குறிக்கும். (இம்மூன்றையும் துன்பத்தின் வேராகக் காணும் பார்வை, குறளின் மெய்யுணர்தல் அதிகாரத்தை அறிந்தவர்க்குப் புதிதன்று.) அரசைக் குற்றஞ்சாட்டுவதினும், தம்முள்ளும் உறையும் பேராசைக்காக மண்ணில் வாழும் சிற்றுயிர்களிடம் மன்னிப்புக் கேட்பதே அச்செயலின் உட்பொருள் என்பதால், ஈடு என்னும் கணக்கு அதில் நுழைய வழியில்லை.

ஓரிடத்துக்கு வேறோரிடம் ஈடாகும் என்னும் கணக்கு பொய்த்ததைப் பறவைகளே காட்டின. சைபீரியாவில் இனம்பெருக்கி ஆஸ்திரேலியாவில் குளிர்காலத்தைக் கழிக்கும், உள்ளான் வகையைச் சேர்ந்த கிரேட் நாட், இடைவழியில் இச்சேற்றின் சிப்பிகளை உண்டே மேற்பயணத்துக்கான கொழுப்பைச் சேர்த்துவந்தது. 2006-இல் சுவர் மூடப்பட்டபின் அங்கு மறைந்த பறவைகள் அண்டைக் கழிமுகங்களில் அதே அளவில் கூடவில்லை. ஆஸ்திரேலியக் கரைகளிலும் அவற்றின் எண்ணிக்கை சரிந்தது. ஒரு நாடு தன் உடைமை எனக் கருதிய சேறு, பல நாடுகளுக்குப் பொதுவான உயிர்ப்பாதையின் கண்ணியாக இருந்தது. புலம்பெயர் பறவைகளைக் காக்க ஆஸ்திரேலியாவும் கொரியாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அதே 2006-இன் இறுதியில்தான் என்பது கசப்பான பொருத்தம்.

2021-இல் யுனெஸ்கோ கொரியச் சேற்றுவெளிகளை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. அவற்றுள் வடக்கே சொச்சோன் உண்டு, தெற்கே கோச்சாங் உண்டு; இடையிலிருந்த சேமன்கும் இல்லை.