மூழ்கிய கப்பலின் பெயர்

பெயரொன்றை விரும்பி ஏற்பவர் அப்பெயரோடு வரும் கடனையும் ஏற்கக் கடமைப்பட்டவரா? தனிமனிதர் வாழ்விலும் சமூகங்களின் வரலாற்றிலும் அடிக்கடி எழும் இவ்வினாவை, அறிஞர் பலர் பொருட்படுத்தாத ஒரு களத்தில் வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். விண்வெளிப் போர்க்கப்பல்களைப் பற்றிய கற்பனைக் கதைகளே அக்களம். இல்லாத கடற்படைகளுக்கு வரலாறு புனைவோர், தம் கப்பல்களுக்கு இருந்த கப்பல்களின் பெயர்களையே பெரிதும் இடுகின்றனர். பெயரோடு பழைய கப்பலின் வரலாறும் கதையினுள் நுழைந்துவிடுகின்றது. இதற்கு யமாட்டோவினும் தெளிவான உதாரணம் கிடைத்தல் அரிது.

1974 ஒக்ரோபரில் "விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ" என்னும் சித்திரத் தொடர் யப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. கதை நிகழ்வது 2199ஆம் ஆண்டில். கமிலாஸ் என்னும் கோளினர் ஏவும் குண்டுகளால் பூமி கதிர்த்தொழிற்பாட்டுக்கு உள்ளாகிச் சமுத்திரங்கள் வற்றிவிடுகின்றன. மனிதர் நிலத்தடி நகரங்களில் ஒடுங்குகின்றனர். எஞ்சியிருப்பது ஓராண்டே. 1,48,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள இஸ்கந்தாரின் அரசி, அந்நஞ்சை அகற்றும் சாதனத்தைத் தர முன்வருகின்றாள். அதனைப் பெற்றுவரச் செல்லும் கப்பல், வற்றிய கடலடியிற் கிடந்த பழைய போர்க்கப்பலொன்றின் உடலிலிருந்து இரகசியமாக உருவாக்கப்படுகின்றது.

அப்பழைய கப்பல் எது? 1941 டிசெம்பர் 16இல் யப்பானியப் பேரரசின் கடற்படையிற் சேர்க்கப்பட்ட யமாட்டோ. முழுச் சுமையுடன் அதன் நிறை 70,000 தொன்னுக்கும் அதிகம். அது தாங்கியிருந்த 46 சென்ரிமீற்றர் வாயுடைய ஒன்பது பீரங்கிகளுக்கு ஒப்பானவை, அதன் சகோதரக் கப்பலான முசாஷியைத் தவிர வேறெந்தப் போர்க்கப்பலிலும் இருந்ததில்லை. எனினும் விமானங்களின் யுகத்திற் பிறந்துவிட்ட பீரங்கிக் கப்பல் அது. போரின் பெரும்பகுதியைத் துறைமுகங்களிற் கழித்தது. 1945 ஏப்ரிலில், விமானப் பாதுகாப்பு எதுவுமின்றி, ஒக்கினாவாவை நோக்கி அனுப்பப்பட்டது. அனுப்பியவர்களே அது திரும்பிவரும் என எதிர்பார்க்கவில்லை. ஏப்ரில் 7ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் அதனை மூழ்கடித்தன. 3,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தோர் 300க்கும் குறைவானவர்களே.

அதிகம் சுடாத கப்பலுக்கு ஏது கடன் என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் 1942 பெப்ரவரி முதல் ஏறத்தாழ ஓராண்டுக்கு யப்பானின் கூட்டுக் கடற்படைக்கு யமாட்டோவே தலைமைக் கப்பலாக விளங்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது. தளபதி யமமோட்டோ அதிலிருந்தே கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரில் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் குண்டு பொழிந்து, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தவை அக்கடற்படையின் விமானங்களே. எனவே இப்பெயரைப் பற்றிப் பேசும் உரிமை யப்பானியருக்கும் அமெரிக்கருக்கும் மட்டும் உரியதன்று.

பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர் வாதிட்டதைப் புளூட்டாக் குறிப்பிட்டுள்ளார். மெய்யியல் மாணவர் யாவரும் அறிந்த வினா அது. ஆயின் அது பொருளைப் பற்றிய வினா, பெயரைப் பற்றியதன்று. மரமும் இரும்பும் கடன்படுவதில்லை. பெயரோ தானாக ஒட்டிக்கொள்வதன்று. யாரோ ஒருவர் ஒரு பயன் கருதி அதனைத் தெரிந்தெடுக்கின்றார். தெரிவு உள்ள இடத்திலேயே பொறுப்பும் பிறக்கின்றது.

அவ்வகையில் நோக்குமிடத்து 1974ஆம் ஆண்டுக் கதை பழைய யமாட்டோவிடமிருந்து எதனைத் தெரிந்தெடுத்தது? அதன் மரணத்தை. இரண்டாம் அங்கத்திலே 1945இன் இறுதிப் பயணம் உருக்கமாகக் காட்டப்படுகின்றது. அப்பயணத்தை அவசியமாக்கிய போரை யார் தொடுத்தனர் என்பது கேட்கப்படவில்லை. ஹிரோஷிமாவின் துயரம் முழுப் பூமிக்கும் உரியதாகின்றது. பேரரசின் கப்பல் அத்துயரத்தைத் துடைக்கும் கருவியாகின்றது. எதிரிகளின் தலைவர்களுக்கோ யேர்மானிய ஒலியுடைய பெயர்கள்! யமாட்டோ மிதந்த நாட்களில் யேர்மனி யப்பானின் நேசநாடு என்பதை நினைவுகூர்ந்தால் இவ்விடமாற்றத்தின் சாமர்த்தியம் புலனாகும். 1979இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இத்தொடரை மாற்றியமைத்தோர் கப்பலுக்கு ஆர்கோ எனப் புதுப்பெயர் சூட்டி, 1945ஆம் ஆண்டுக் காட்சிகளைப் பெரும்பாலும் அகற்றினர். அது கடனையும் புகழையும் ஒருசேரத் துறக்கும் வழி.

எனினும் இக்கதையைப் போர்வெறியின் மறுபிறப்பு என ஒதுக்கிவிடுதல் நேர்மையன்று. கமிலாஸ் நகரம் சாம்பலானதும் இளம் வீரன் கொடாய், நாம் செய்திருக்க வேண்டியது போரன்று, அன்பு செலுத்துதலே என்னும் பொருள்படக் கதறுகின்றான். வெற்றியின் நடுவே இத்தகைய கதறல் போர்க்கதைகளில் அரிதாகவே கேட்கும். அதே வேளை, 1978இல் வெளிவந்த தொடர்ச்சித் திரைப்படத்தின் முடிவில் அதே கொடாய் கப்பலோடு எதிரியின் மீது மோதி மாள்கின்றான். திரும்பாப் பயணத்தின் பெயரைச் சூடிய கப்பல் மீண்டும் திரும்பாப் பயணமே சென்றது. அவ்வாண்டிலேயே தொடங்கிய தொலைக்காட்சி வடிவத்தில் அவன் பிழைக்கின்றான். பெயரின் இழுவிசையை ஆக்கியோரே அஞ்சினர் போலும்.

வென்றவரின் கற்பனைக் கடற்படையிடம் இத்தகைய வினாக்களை எவரும் கேட்பதில்லை. 1966இல் ஆரம்பமான "ஸ்டார் ட்ரெக்" தொடரின் என்டர்பிறைஸ், மிட்வே சமரில் யமமோட்டோவின் படையைத் தோற்கடித்த விமானந்தாங்கிக் கப்பல்களுள் ஒன்றின் பெயரைத் தாங்கியது. யோர்க்ரவுண், லெக்ஸிங்ரன் ஆகியனவும் அக்கற்பனைப் படையில் உண்டு. இரசிகர் எழுதிக் குவித்த கடிதங்களின் பயனாக, 1976இல் உண்மையான விண்ணோடம் ஒன்றுக்கும் என்டர்பிறைஸ் என்றே பெயரிடப்பட்டது. அது விண்வெளிக்குச் சென்றதேயில்லை. 1989இல் அத்தொடரின் வழித்தொடரொன்றிலே யமாட்டோ என்னும் கப்பல் என்டர்பிறைஸின் சகோதரக் கப்பலாகத் தோன்றுகின்றது. பகைவர் ஒரே அணியில்! தோன்றிய சிறிது நேரத்திற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு அது என்டர்பிறைஸின் கண்முன்னே வெடித்துச் சிதறுகின்றது. எழுதியோர் எண்ணிச் செய்தனரோ இல்லையோ, கணக்குப் பேசாமல் ஏற்படுத்திய சமாதானம் அது. பெயர்களை அருகருகே வைத்ததைத் தவிர வேறெதுவும் அங்கு நிகழவில்லை.

2012இல் யமாட்டோவின் கதை யப்பானில் மீளவும் ஆக்கப்பட்டது. அதிலே கப்பல் முற்றிலும் புதிது. மூழ்கிய கப்பலின் தோற்றம் எதிரியின் கண்ணுக்கு மறைப்பாக மட்டும் பயன்படுகின்றது. பழைய இரும்பின் தொடர்பு இவ்வாறு அறுந்த இடத்திலேயே, 1974ஆம் ஆண்டுக் கதை கேளாத வினா கேட்கப்படுகின்றது. முதற் குண்டைச் சுட்டது யார்? கமிலாஸ் அன்று, பூமியே என்பதும், அவ்வுண்மை மக்களிடமிருந்து மறைக்கப்பட்டது என்பதும் வெளிப்படுகின்றன. தம்மை வெறும் பலியாடுகளாகக் கருதியிருந்தோர் அதனை அறிந்த பின்னரும் பயணத்தைத் தொடர்கின்றனர். முந்தைய கதையைவிட இது நேர்மையானது என்றே கொள்ளவேண்டும். ஆயின் ஒப்புக்கொள்ளப்பட்டது 2199ஆம் ஆண்டுப் பூமியின் கடன். 1942ஆம் ஆண்டுக்குரிய கடன் அவ்வேட்டில் எழுதப்படவில்லை.