கையெழுத்துக்கு முன்னால்

என்னிடம் தமிழ் படித்துவிட்டுச் சட்டம் படிக்கப் போன மாணவி ஒருத்தி, இப்போது விருதுநகரில் ஜூனியர் வக்கீல். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். பட்டாசு ஆலை விபத்தில் கணவரை இழந்த பெண் ஒருவரின் வழக்கு அவளிடம் வந்திருந்தது. "மேம், அவங்க கேஸே வேண்டாங்குறாங்க. குடுக்குறத வாங்கிக்கிறேன்னு சொல்றாங்க. நான் என்ன செய்யட்டும்?"

முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021 என்று ஆண்டுகளை விபத்துகளால் நினைவு வைத்திருக்கும் மாவட்டம் எங்களுடையது. 'விடாதே, போராடு' என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்பா ஆலை விபத்தில் இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. உறவினர் ஒருவர் கொண்டுவந்த தாளில் அம்மா பெருவிரல் வைத்தாள். அதை யாரும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும். என்னிடமும் யாரும் கொடுக்கவில்லை.

அன்று அந்தத் தாளை யாராவது படித்திருந்தால் என்ன சொல்லியிருக்க முடியும்? மாணவி விளக்கினாள். முதலில் இ.எஸ்.ஐ. உண்டா என்று பார்க்க வேண்டும். உண்டென்றால் வழியே வேறு. இல்லையென்றால், 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். அது இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020க்குள் போய்விட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. இந்த விபத்து அதற்கு முன்பே நடந்ததால் பழைய சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தக்காரர் வைத்த ஆள் என்று சொல்லி முதன்மை முதலாளி நழுவ முடியாது; அது 12ஆம் பிரிவு. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கிய தாள் செல்லாது, அது 17. மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

8ஆம் பிரிவுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள். இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடாகவே கணக்கில் வராது. ஆணையரிடம் கட்ட வேண்டும். நல்ல காவல்தான். ஆனால் அதே பிரிவு, மொத்தத் தொகை பெறும் 'பெண்'ணையும் 'சட்டப்படி தகுதியற்றவ'ரையும் ஒரே மூச்சில் சொல்கிறது. அவர்கள் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று ஆணையர் தீர்மானிக்கலாம்.

அதே 1923இல்தான் பெண்கள் வக்கீலாகத் தடையில்லை என்று இன்னொரு சட்டம் வந்தது. அதற்கு முன் கல்கத்தாவில் 1916இல் ரெஜினா குஹாவையும், பாட்னாவில் 1921இல் சுதான்சுபாலா ஹஸ்ராவையும் உயர்நீதிமன்றங்கள் திருப்பி அனுப்பியிருந்தன. இன்று ஒரு பெண் கறுப்புக் கோட்டோடு வாதாடலாம். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை மட்டும் நாம் இன்னும் மைனராகவே நடத்துகிறோமோ?

'போராடு' என்று சொல்ல வந்த நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். எங்கள் உறவினர் அம்மாவுக்காக முடிவெடுத்தார். நான் முகம் தெரியாத ஒருத்திக்காக முடிவெடுக்க இருந்தேன். என் முடிவு நல்ல முடிவு என்பதால் அது அவருடைய முடிவாகிவிடாது. அதற்காக, 'உங்க இஷ்டம்' என்று வக்கீல் கைகழுவுவதும் மரியாதை ஆகாது. தெரியாமல் சொல்லும் 'சரி'யும் தெரிந்து சொல்லும் 'சரி'யும் ஒன்றல்ல. வக்கீலின் வேலை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுவதை பார் கவுன்சில் விதி தடுப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பங்கு வந்துவிட்டால், யாருக்காகப் பேசுகிறோம் என்பது மங்கிவிடும்.

"ஏன் வேண்டாங்குறாங்கன்னு கேட்டியா?" என்றேன். கேட்கவில்லை.

மறுநாள் போய்க் கேட்டிருக்கிறாள். "எம் மக அதே ஆலையிலதாம்மா திரி வெட்டுறா. கேஸ் போட்டா அவ வேல போயிரும்ல" என்றாராம் அவர். அதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. அவள் எல்லாப் பிரிவுகளையும் தமிழில் படித்துக் காட்டினாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பணம் எம் பேருல வருமா, எங்க மாமனார் பேருல வருமா?"

பிறகு, மகளோடு பேசப் பத்து நாள் வேண்டும் என்றார். சட்டம் தந்த இரண்டு ஆண்டில் பதினெட்டு மாதம் இன்னும் மீதி இருந்தது. பத்து நாளும் அவள் போன் செய்யவில்லை.