விடுப்பும் பதிலாளும்

‘உங்களுக்கென்ன டீச்சர், மே மாசம் முழுக்க லீவு’ என்று பள்ளிக்கூட ஆசிரியைகளைப் பார்த்துச் சொல்லப்படும் வாக்கியத்தைப் பொறாமை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு கருத்துக் குழப்பம் இருப்பதாகப் படுகிறது. லீவு ஆளுக்குக் கிடைக்கிறதா, நாற்காலிக்குக் கிடைக்கிறதா? பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிறார்கள், ஆகவே ஆசிரியைக்கு விடுமுறை. இந்த ‘ஆகவே’யைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

என் அக்கா கும்பகோணம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. இரண்டு பிள்ளைகள், மாமியார், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்க்கும் அத்தான். அவளுடைய ஏப்ரல் மாதத்தைப் பல வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். பள்ளியில் ஆண்டுத் தேர்வு, மதிப்பெண் பதிவேடு, தேர்ச்சிப் பட்டியல். பொதுத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு வேறோர் ஊருக்குப் போக வேண்டும். காலையில் ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. அவள் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளி அவளுடைய பள்ளிக்குப் பத்து நாள் முன்னதாகவே மூடிவிடுகிறது. அந்தப் பத்து நாளும் வீட்டில் அவர்களை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு மார்ச்சிலேயே விடை கண்டுபிடித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வடாம் பிழிந்தாக வேண்டும், ஊறுகாய்க்கு மாங்காய் வாங்கியாக வேண்டும். மே முதல் வாரம் நாத்தனார் குழந்தைகள் வந்துவிடுவார்கள். லீவுக்குப் பாட்டி வீடு என்று சந்தோஷமாகச் சொல்கிறோமே, அந்தப் பாட்டி வீட்டில் ஒரு மருமகள் இருக்கிறாள்.

2023இல் வெயில் காரணமாகப் பள்ளி திறப்பு ஜூன் 1லிருந்து 7க்கும், பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் 12க்கும் தள்ளிப்போயிற்று. பிள்ளைகள் குதித்தார்கள். அக்கா செய்தியைப் படித்துவிட்டு அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

2024 ஏப்ரல் 19இல் தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல். அவளுக்கு வாக்குச்சாவடிப் பணி. (2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியர்களைப் படிப்பித்தல் அல்லாத வேலைகளுக்கு அனுப்பக் கூடாது என்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் இவை மட்டும் விலக்கு.) முதல் நாள் ராத்திரி ஏதோ ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருக்கிறாள். மின்விசிறி ஓடவில்லை, கொசு. போனில் சார்ஜும் போய்விட்டது. ‘நல்லாத் தூங்கினேன்டா’ என்றாள். வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த ஓய்வு அந்த ராத்திரிதான் என்று நான் நினைக்கிறேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலையிலிருந்து கடுமையான வேலை காத்திருந்த ராத்திரி அது. ஆனால் அந்தச் சில மணி நேரம் அவளிடம் யாரும் எதையும் கேட்க முடியாது. ஓய்வு என்பது வேலை இல்லாத நேரம் அல்ல, கேட்கப்படாத நேரம் என்று கொண்டால் நமது கணக்குகள் பலவற்றைத் திருத்த வேண்டியிருக்கும்.

‘ஸ்கூல்’ என்ற சொல் ஓய்வைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘ஸ்கோலே’யிலிருந்து வந்தது என்பது நண்பர்களுக்குத் தெரியும். நம்முடைய ‘பள்ளி’யும் அப்படித்தான். பள்ளியறை, பள்ளியெழுச்சி என்கிறோம். பள்ளி படுக்குமிடம், துறவிகள் தங்குமிடம், பிறகுதான் படிக்குமிடம். இரண்டு மொழிகளும் படிப்பை ஓய்வோடு சேர்த்துப் பார்த்திருப்பது ஆச்சரியம்தான். ஆனால் அந்த ஓய்வு யாருடையது? அரிஸ்டாட்டில் தன் ‘அரசியல்’ நூலின் முதல் புத்தகத்தில் வீட்டிலிருந்து தொடங்குகிறார்: எஜமான், அடிமை, கணவன், மனைவி. கடைசிப் புத்தகங்களில் ஓய்வே வாழ்வின் இலக்கு, அதற்காகவே மனிதனைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறார். முதல் புத்தகத்து ஆட்களில் இரண்டு பேர் கடைசிப் புத்தகத்துக்கு வந்து சேர்வதில்லை. அவர்கள் வராததனால்தான் அங்கே ஓய்வு இருக்கிறது. அரிஸ்டாட்டில் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாம்தான் முதல் புத்தகத்தைக் கிழித்துவிட்டுக் கடைசிப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

புள்ளிவிவரங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நாளெல்லாம் எண்களோடு கிடப்பவனுக்கு அவற்றின் மேல் பக்தி வருவது கஷ்டம். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷமும் ஆண்கள் 97 நிமிஷமும் அதில் செலவழித்ததாக வந்தது. இந்த வித்தியாசம் அநீதியானது என்பதில் விவாதமில்லை. ஆனால் அத்தான் நாளையிலிருந்து நூறு நிமிஷம் கூடுதலாக வேலை செய்தாலும் பிரச்னை அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் செய்வார், செய்வதற்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்று அக்காவைக் கேட்பார். அவள் தூங்கும்போதும் அந்த வீடு அவள் பொறுப்பில்தான் ஓடுகிறது. நிமிஷக் கணக்கில் இது எந்தப் பத்தியில் ஏறும்?

வங்கியில் நான் விடுப்பு எடுத்தால் என் கவுண்டரில் இன்னொருவர் உட்காருகிறார். இதுதான் விடுப்பின் இலக்கணம். நான் இல்லாததனால் அங்கே வேலை நின்றுவிடுவதில்லை; நிற்காததனால்தான் நான் போக முடிகிறது. பதிலாள் இல்லாத விடுப்பு விடுப்பே அல்ல, வேலையைத் தள்ளிப்போடுவதுதான். அக்காவின் பள்ளிக்கூட நாற்காலிக்கு மே மாதம் பதிலாள் தேவைப்படவில்லை, பள்ளியே இல்லை. அவளுடைய இன்னொரு நாற்காலிக்குப் பன்னிரண்டு மாதமும் பதிலாள் கிடையாது. பள்ளி விடுமுறை என்பது இரண்டாவது நாற்காலியில் அவள் முழு நேரமும் உட்காருவதற்கு அரசாங்கம் தரும் அனுமதி. அதைக் காரணம் காட்டியே ஆசிரியர்களுக்கு ஈட்டிய விடுப்பு மற்ற ஊழியர்களைவிடக் குறைவாகவும் தரப்படுகிறது.

எங்கள் தொழிலில் ஒரு விசேஷமான ஏற்பாடு உண்டு. முக்கியமான பொறுப்புகளில் இருக்கிற ஊழியரை வருஷத்தில் ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021இல் சுற்றறிக்கை விட்டது. ஊழியரின் உடல்நலத்தைக் கருதி அல்ல. ஒரு நாற்காலியில் ஒரே ஆள் உட்கார்ந்துகொண்டே இருந்தால் அங்கே என்ன நடக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். வேறோர் ஆள் பத்து நாள் உட்கார்ந்தால் கணக்கில் மறைந்திருப்பது மேலே வந்துவிடும். லீவே எடுக்காத ஊழியரைப் பார்த்து முன்பெல்லாம் மெச்சிக்கொண்டார்கள். இப்போது தணிக்கையாளர் அவரைத்தான் முதலில் பார்க்கிறார்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தேன். ஒரு தாய் முன்னறிவிப்பு இல்லாமல் பத்து நாள் விலகி நின்றால் அந்த வீட்டின் மறைந்த கணக்கு வெளியே வரும். வங்கியில் வெளிப்படுவது நாற்காலியில் இருந்தவர் எடுத்தது. வீட்டில் வெளிப்படப்போவது மற்றவர்கள் எடுத்தது. வீடு என்னும் நிறுவனம் இந்தத் தணிக்கையை ஒருநாளும் அனுமதிப்பதில்லை. அனுமதிக்காமல் இருப்பதற்கு அது வைத்திருக்கும் உபாயம் மிரட்டல் அல்ல, பாராட்டு. ‘அம்மா கை ரசம் மாதிரி வருமா’, ‘அவ இல்லாட்டா இந்த வீட்ல ஒரு துரும்பு அசையாது.’

இந்தப் பாராட்டில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இது அபாயமானது. நாம் நேசிக்கும் ஆளுக்குப் பதிலாள் கிடையாது. என் அக்காவுக்குப் பதில் இன்னோர் அக்கா எனக்கு இல்லை. நேசம் என்ற சொல்லுக்கு அர்த்தமே இதுதான். ஆனால் ஆள் வேறு, அந்த ஆள் செய்கிற காரியம் வேறு. இட்லி மாவு அரைப்பதற்கும், சீருடையின் அறுந்த பித்தானைத் தைப்பதற்கும், மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது என்று தெரிந்துவைத்திருப்பதற்கும் பதிலாள் சாத்தியம். நேசத்தில் உண்மையாக இருக்கிற ஒரு புனிதத்தைக் காரியத்தின் மேல் ஏற்றிவிடுகிறோம். அதன் பிறகு காரியத்தை வேறு யாரும் தொட முடிவதில்லை. தொட்டால் நேசத்துக்குப் பங்கம் வந்துவிடும்போல் ஆகிவிடுகிறது. செய்கிறவளுக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்குகிறது.

இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சிலப்பதிகாரத்தை எடுத்தாள். இருபது வருஷமாக வகுப்பில் நடத்துகிறவள். மதுரைக்கு வெளியே, கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், கண்ணகி தன் துக்கத்தைச் சொல்கிற இடம். அவன் இல்லாத காலத்தில் அறவோர்க்குக் கொடுக்கவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் முடியாமல் போனதை அவள் இழப்பாகச் சொல்கிறாள். ‘கண்ணகிக்கு அது போச்சேன்னு இருக்கு. நீ எழுதறவன், உனக்கு எல்லாமே சுமையாத்தான் தெரியும்’ என்றாள் அக்கா.

வலுவான ஆட்சேபம். பெண்ணின் வீட்டுவேலை முழுவதையும் அடிமைத்தனம் என்று ஒதுக்கிவிடுகிற நமது முற்போக்கு நண்பர்களுக்கு இதற்குப் பதில் சொல்லத் தெரியாது. விருந்து வைப்பது ஒரு ஸ்தானம், வெறும் உழைப்பு அல்ல. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யில் இருட்டும் நெருக்கடியுமான அந்தச் சமையலறைதான் பெண்களின் அதிகாரத்துக்கும் இடமாக இருக்கிறது; அதை விட்டுக்கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை. ஆனால் கண்ணகியின் சொற்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அவளுக்குக் கை இருந்தது, வீடு இருந்தது. ஆனாலும் விருந்தை எதிர்கொள்ள முடியவில்லை, கணவன் பக்கத்தில் இல்லாததனால். அதாவது அந்தக் காரியம் அவளிடமிருந்து பிறந்ததாகவே அப்போது கருதப்படவில்லை. அவன் போனதும் அதுவும் போய்விட்டது. உழைப்பு அவளுடையது, தகுதி அவன் வழியாக வந்தது. ‘அவள் இல்லாமல் நடக்காது’ என்று சொல்லும் அதே மரபுதான் ‘அவன் இல்லாமல் அவள் நடத்த முடியாது’ என்றும் சொல்கிறது. அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்’ என்றாள்.

நம் வட்டத்தில் ஸீமோன் வெய்லைப் படித்தவர்கள் உண்டு. அவரும் ஆசிரியை. 1934இல் பள்ளியிலிருந்து ஒரு வருஷ விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸ் தொழிற்சாலைகளில் கூலியாகப் போனார். கவனம் என்பது மனத்தைக் காலி செய்துகொண்டு காத்திருப்பது என்று பின்னால், 1942இல், பள்ளிப் படிப்பைப் பற்றிய கட்டுரையில் எழுதினார். தொழிற்சாலையில் சிந்திக்கும் சக்தியே தன்னை விட்டுப் போய்விட்டதை அனுபவித்த பிறகு எழுதியது. மகத்தான மனம். ஆனால் அவருடைய தியாகத்துக்கே ஒரு விடுப்பு தேவைப்பட்டது. வகுப்பை வேறொருவர் எடுத்தார். வெய்லின் கவனத்தைப் படித்துவிட்டு, தாய்மார்களின் கவனமும் அதுதானே, ஒரு வகைத் தவம்தானே என்று ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். வெய்ல் காத்திருந்தது உண்மைக்காக. அக்கா காத்திருப்பது குக்கரின் மூன்றாவது விசிலுக்காக, பின்கட்டிலிருந்து வரப்போகும் ‘அம்மா’வுக்காக. அவள் மனம் காலியாக இல்லை. மற்றவர்களின் சாமான்களால் நிரம்பியிருக்கிறது. இதைத் தவம் என்று பெயரிடுவது மறுபடியும் அதே பாராட்டுத்தான், கொஞ்சம் பிரெஞ்சு கலந்தது.

இந்த இதழை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் நாலைந்து பேர் ஒரு வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசுகிறோம். காலம், இருப்பு, அந்நியமாதல் எல்லாம் பேசப்படுகின்றன. காப்பி மூன்று தடவை வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பது இருத்தலியல் கேள்வியாக இதுவரை எழுப்பப்பட்டதில்லை. எழுப்ப வேண்டும் என்பது என் அபிப்பிராயம். தமிழில் சிறுபத்திரிகை மரபு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் எவ்வளவு, யாரோ எடுக்காத விடுப்பின் மேல் நிற்கிறது என்பதை ஆராய்ந்தால் நமது விமர்சன மதிப்பீடுகள் சில ஆட்டம் காணலாம். எழுதுகிறவன் தனிமையைப் பற்றி எழுதும்போது, அந்தத் தனிமையைக் கதவுக்கு வெளியே நின்று காத்துக்கொடுத்தது யார் என்பது அந்த எழுத்தின் தார்மீகத்தைச் சேர்ந்த கேள்விதான், வீட்டு விவகாரம் அல்ல.

ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையைப் பற்றியும் அக்காவிடம் சொன்னேன். பத்து நாள் எங்கேயாவது போய்விட்டு வா, வீடு என்ன ஆகிறது பார்ப்போம் என்றேன். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் பெண் எழுத வேண்டுமானால் வருஷத்துக்கு ஐந்நூறு பவுனும் பூட்டுப் போட்ட ஓர் அறையும் வேண்டும் என்றார். அக்காவுக்குச் சம்பளம் வருகிறது, அறைதான் பாக்கி என்று என் எண்ணம். அவள் சிரித்தாள்.

‘நான் எதுக்குடா போகணும்? இது என் வீடு. கடன் கட்டறது நான். நீங்கல்லாம் பத்து நாள் எங்கேயாவது போங்களேன். அத்தை, உங்க அத்தான், பிள்ளைங்க, நீ, எல்லாரும்.’

எங்கள் நடைமுறையில் ஊழியர்தான் நாற்காலியை விட்டு எழுந்துபோக வேண்டும். கிளையைக் காலி செய்து ஊழியரிடம் விடுவதற்கு விதி இல்லை. வுல்ஃபும் அறை வரைக்கும்தான் கேட்டார். அக்கா கேட்பது முழு வீட்டை, அதுவும் காரியங்கள் எல்லாம் கழன்றுபோன வீட்டை. என் வாதத்தை இதற்கேற்ப எப்படித் திருத்துவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் விடைத்தாள் முகாமுக்குப் போகிற ஏழு நாற்பது பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். வாசலைத் தாண்டியதும் உள்ளேயிருந்து யாரோ கத்திரிக்கோல் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். ‘மிஷின் டிராயர்ல’ என்று தெருவிலிருந்தே பதில் சொன்னாள்.