ஆளில்லா இடத்து அமானிதம்

கண்காணிப்பார் எவருமில்லாத இடத்தில் ஒரு வேலை நடக்கிறது. அங்கே நேர்மை யாருக்குரியது? வேலையைச் செய்யும் பொறிக்கா, அதை வைத்துவிட்டுப் போன மனிதனுக்கா?

அந்தாட்டிக்காவின் உட்பகுதியில் 4,000 மீற்றருக்கும் உயரமான பனிமேடொன்று உண்டு. பெயர் டோம் ஏ. காற்று வரண்டு அமைதியாக இருப்பதால் விண்மீன்கள் தெளிவாகத் தெரியும். இரவோ மாதக்கணக்கில் நீளும். ஆனால் குளிர் மறை 80 பாகை செல்சியஸை நெருங்கும். 2008 ஜனவரியில் சீனப் பயணக்குழு அங்கே 'பிளேட்டோ' என்ற தானியங்கி நிலையத்தை நிறுவிவிட்டுத் திரும்பியது. அதனை ஆக்கியது அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம். வெளிச்ச காலத்தில் சூரியக் கலங்கள், இருட்டில் டீசல் எஞ்சின்கள், தொடர்புக்குச் செய்மதிகள். அதில் மின்சாரம் பெற்ற 'சீஸ்டார்' தொலைகாட்டிகள் நான்கும் தலை திருப்பாதவை. அசையும் உறுப்புகள் குளிரில் பழுதாகிவிடும் என்பதால், தென் வான்முனையை நோக்கி நிலையாகவே பொருத்தப்பட்டன. செய்மதி வழியே பதிவுகளில் சிறு பகுதியே வந்தது. மீதியை அடுத்த கோடையில் ஆள் போய்த்தான் எடுத்துவர வேண்டியிருந்தது. முதலாண்டில் 204 நாட்கள் இயங்கி நிலையம் நின்றது. நடுக்குளிரில் போய்ப் பார்க்க வழியில்லை.

"பொறி பொய் சொல்லாது. இனி மனிதனின் நேர்மைக்கு அங்கே என்ன வேலை?" என்று நண்பரொருவர் கேட்டார். பொய் சொல்ல இயலாததை நாம் உண்மையாளன் என்பதில்லை. தராசை யாரும் புகழ்வதில்லை, வியாபாரியைத்தான் புகழ்கிறோம். கண்ணாடியில் உறைபனி படர்ந்தால் பொறி அதையும் வானத்தோடு சேர்த்தே பதியும். எது வானம், எது பனி என்று பிரித்துச் சொல்ல வேண்டியவன் அங்கே இல்லாத மனிதன். தனக்குப் பிடிக்காத பதிவைப் பனியென்று அவன் ஒதுக்கிவிட்டால், மறுத்துரைக்க அங்கிருந்த சாட்சி எவருமில்லை.

பிறை கண்டேன் என்று வருபவரிடம் நாம் கண்ணை மட்டுமா விசாரிக்கிறோம்? ஆளையும் விசாரிக்கிறோம். சாட்சியம் பார்வையோடு முடிவதில்லை. பார்த்ததற்குப் பொறுப்பேற்பதும் அதில் அடங்கும். பொறியால் பார்க்க முடியும், பொறுப்பேற்க முடியாது.

ஜனவரியில் அங்கே ஒரு திருகாணியை முறுக்கியவனை நினைத்துப் பார்க்கிறேன். அது ஜூன் மாத இருளில் தளர்ந்தால், யார் கைப்பிழை என்று எவரும் அறியப் போவதில்லை. ஆனாலும் அவன் இன்னொருமுறை சரிபார்க்கிறான். அவனது நம்பிக்கை எதுவானாலும், நாம் இஹ்ஸான் என்று சொல்வதன் சாயல் அந்தக் கையில் இருக்கிறது.

ஆளிருந்த சில நாட்களில் செய்யப்பட்ட வேலைதான், ஆளில்லாத அந்த நீண்ட இரவு முழுவதும் வேலை செய்கிறது.