வென்ற பணம் யாருடையது?

சூது என்றதும் நம் மக்கள் நெஞ்சில் எழுவது பாண்டவர் நாடிழந்த கதை. கிறிஸ்தவருக்கு அதனினும் கூர்மையாக எழுவது, சிலுவையடியில் தையலில்லா அங்கிக்காகச் சீட்டுப் போட்ட படைவீரர்களின் காட்சி. ஆகவே பணம் வைத்து ஆடும் எந்த ஆட்டமும் தன்னிலேயே பாவம் என்று பலர் எண்ணுவதில் வியப்பில்லை. எனினும் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்ததும் சீட்டுப் போட்டே என்பதைத் திருத்தூதர் பணிகள் மறைக்கவில்லை. நம் பங்குகளில் கட்டட நிதிக்கெனக் குலுக்கல் சீட்டு விற்கிறோம். முதற்பரிசு தையல் இயந்திரமென்றால் திருப்பலி முடிவில் அதை அறிவிக்கவும் தயங்குவதில்லை.

1992-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, ஏழாம் கட்டளையை விளக்கும் பகுதியில், 2413-ஆம் எண்ணில், இப்பொருளைச் சுருக்கமாகவே தொட்டுச் செல்கிறது. வாய்ப்பை நம்பிய ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மிலேயே நீதிக்கு முரணானவை அல்ல. ஒருவன் தன் தேவைக்கும் தன்னைச் சார்ந்தோர் தேவைக்கும் வேண்டியதை அவை பறிக்கும்போது ஏற்கத்தகாதவை ஆகின்றன. ஆட்ட வேட்கை மனிதனை அடிமையாக்கக் கூடும். ஏமாற்றுவது கனமான காரியம். இவ்வளவே அதன் சாரம். திருச்சபை கதவை முற்றிலும் அடைக்கவில்லை என்பது சிலருக்கு ஆறுதலாகவும் சிலருக்கு அதிர்ச்சியாகவும் இருக்கலாம். அடைக்காத கதவில்தான் மனச்சான்றுக்கு வேலை மிகுதி.

அமெரிக்காவில், லாஸ் வேகஸ் நகரில் பணிபுரியும் அன்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் வைத்த வினாவே இக்கட்டுரைக்குக் காரணம். சனிக்கிழமை மாலைகளில் அவர் ஒரு கேசினோவின் போக்கர் அறைக்குச் செல்கிறார். குடிப்பவரல்லர், கடன்காரருமல்லர். நூல்களைக் கற்று, கணக்கு எழுதி, நிதானமாக ஆடுகிறார். ஆண்டுக் கணக்கில் இழப்பைவிட வரவே மிகுதி. வரவில் பத்திலொன்றை இங்குள்ள ஓர் அநாதை இல்லத்துக்கு அனுப்புகிறார். "ஆனால் சாமி, அந்த மேசையில் மனைவியை இழந்த முதியவர் ஒருவர் வாரந்தோறும் தோற்கிறார். ஞாயிறன்று அவரை ஆலயத்திலும் பார்க்கிறேன். அவரிடம் நான் எடுப்பது என்னுடையதுதானா?" என்று கேட்டார்.

இவ்வினாவுக்கு விடை தேடுமுன் ஆட்டத்தின் அமைப்பைச் சற்று அறிய வேண்டும். ரூலெட் சக்கரத்தில் ஆடுபவனுக்கு எதிரி சூதுக்கூடமே. அமெரிக்கச் சக்கரத்தில் 38 பள்ளங்கள் உள்ளன; ஓர் எண்ணில் வென்றவனுக்கு 35 மடங்கே கிடைக்கும்; இடைவெளி கூடத்தின் ஊதியம். அங்கே தோற்றவனின் பணம் பக்கத்தில் நிற்பவனுக்குப் போவதில்லை. போக்கர் அப்படியன்று. கூடம் ஆடுவதில்லை, மேசையும் சீட்டு வழங்குபவரும் தந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் திரண்ட பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய பணம் மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கைமாறுகிறது. நான் வென்ற டாலர், எனக்கெதிரே அமர்ந்து முகம் வாடியவரின் டாலர்.

இன்று பெரிதும் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக. ஐந்து சீட்டுகள் பொதுவாக, மேசைமேல் திறந்து. நான்கு சுற்றுப் பந்தயம். சிறு பந்தய மேசைகளில் ஆட்டம் தொடங்குமுன் இருவர் முறையே 1 டாலரும் 2 டாலரும் கட்டாயமாக வைக்கின்றனர். பலர் 100 முதல் 300 டாலர் வரை கொண்டு அமர்கின்றனர். வரம்பில்லாப் பந்தயமாதலால், ஓர் ஆட்டத்தில் முன்னாலுள்ள அனைத்தையும் இழக்கலாம். சிறு பந்தயம் என்ற பெயர் சற்று ஏமாற்றும் பெயரே.

இவ்வாட்டம் எளிய மக்களிடம் பரவியதற்கு ஒரு நிகழ்ச்சி பெருங்காரணம். லாஸ் வேகஸில் 1970 முதல் நடைபெறும் உலகப் போக்கர் தொடரில், 2003-இல், டென்னசி மாநிலத்துக் கணக்கர் ஒருவர் 86 டாலர் கட்டி இணையவழித் தகுதிச் சுற்றில் வென்று நுழைந்து, 25 இலட்சம் டாலர் பரிசு பெற்றார். அவர் குடும்பப் பெயரே மணிமேக்கர், அதாவது பணம் பண்ணுபவர்! புனைகதையில் எழுதினால் யாரும் நம்பார். கணக்கரால் முடிந்தது நம்மாலும் முடியாதா என்று எண்ணியோர் பல்லாயிரம்.

இனி ஓர் எளிய கணக்கு. ஒன்பது பேர் தலைக்கு 200 டாலருடன் அமர்கின்றனர். மேசையில் மொத்தம் 1,800 டாலர். மணிக்கு 30 ஆட்டம், ஆட்டத்துக்குக் கூடம் எடுப்பது சராசரி 4 டாலர் என வைத்துக்கொள்வோம். மணிக்கு 120 டாலர். எட்டு மணி நேரத்தில் 960 டாலர். புதுப்பணம் வராவிட்டால், அன்றிரவு மேசையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் யாருக்கும் வெற்றியாகாமல் மறைந்துவிடும். சீட்டு வழங்குபவருக்கு வென்றவர்கள் கொடுக்கும் அன்பளிப்பு தனி. ஆகவே சமத்திறமை உள்ள ஒன்பது பேர் தொடர்ந்து ஆடினால் ஒன்பது பேரும் தோற்பர். ஒருவன் ஆண்டுக்கணக்கில் வெல்கிறான் என்றால், அவனைவிடத் திறமை குறைந்தவர் ஓயாமல் வந்து அமர்ந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதே பொருள். அன்பரின் கணக்கேட்டில் வரவுப்பத்தியில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் அத்தகைய ஒரு மனிதர் இருக்கிறார்.

திறமையா, வாய்ப்பா என்ற வழக்கு நம் நாட்டிலும் நடந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களே என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையாயினும் வாய்ப்பாயினும், பணம் வைத்து இணையவழி ஆடும் ஆட்டங்களனைத்தையும் தடை செய்தது. வழக்காடுவோருக்குத் திறமை என்ற சொல் ஆட்டத்தைக் காக்கும் கேடயம். அறநெறி நோக்கிலோ அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நாணயத்தைச் சுண்டி விளையாடும் இருவர் சமமானவர். நான் உன்னைவிடத் திறமைசாலி என்று எனக்குத் தெரிந்து, உனக்குத் தெரியாமலிருந்தால், அது சமமான ஒப்பந்தமாகுமா?

குருமடத்தில் நாங்கள் கற்ற பழைய அறநெறி நூல்கள் இதைச் சிந்தித்தே இருந்தன. பந்தயப்பொருள் ஆடுபவனுக்கே உரியதாக இருக்க வேண்டும், அவன் கட்டாயமின்றி ஆட வேண்டும், வஞ்சகம் கூடாது, ஆடுவோரிடையே ஓரளவேனும் சமநிலை வேண்டும் என்பன அவை விதித்த நிபந்தனைகள். எதிரி வல்லவன் என்று அறிந்தே ஒருவன் மகிழ்வோடு ஆட முன்வந்தால் சமநிலைக் குறை பொறுக்கப்படும். திறமையை ஒளித்து, கற்றுக்குட்டிபோல் நடித்து அழைத்தால் அது வஞ்சகமே.

அப்படியானால் சீட்டில் ஒன்றுமில்லாமலே பெரும் பந்தயம் வைத்து எதிரியை மிரட்டும் 'பிளஃப்' பொய்யாகாதா? பலரும் முதலில் கேட்கும் வினா இதுவே. என் கருத்தில் இதுவே எளிதான வினாவுங்கூட. புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றி எழுதப் புகும்போதே, கேட்போர் வேடிக்கையென உணரும் பேச்சைப் பொய்க்கணக்கில் சேர்க்காமல் விலக்கி வைத்தார். புனித தாமஸ் அக்குவினாரோ இன்னும் கண்டிப்பானவர்; வேடிக்கைப் பொய்யையும் பொய்யென்றே கொண்டார். ஆயினும் போரில் பகைவனிடம் பொய்யுரைத்தல் ஆகாது, தன் எண்ணத்தை மறைத்துப் பதுங்கியிருத்தல் ஆகும் என்று அவரே வேறுபடுத்துகிறார். பந்தயம் வைத்தல் ஒரு கூற்றன்று. "என்னிடம் நல்ல சீட்டு இருக்கிறது" என்று அது உரைப்பதில்லை, கண்டுபிடி என்று அறைகூவுகிறது. மேசைக்கு வந்த அனைவரும் அதற்கு உடன்பட்டே வந்துள்ளனர். சதுரங்கத்தில் கண்ணி வைப்பவனை யாரும் பொய்யன் என்பதில்லை.

எனக்கு அச்சமூட்டும் பொய் மேசையோரத்துப் பேச்சில் உள்ளது. அந்த அறைகளில் நாள்தோறும் வந்து ஆடுவோரை 'ரெகுலர்' என்பர். சிலர் ஓய்வு பெற்றவர். மணிக்கணக்கில் காத்திருந்து மிக நல்ல சீட்டுக்கு மட்டும் பணம் வைப்பவர். சிலருக்கு அதுவே பிழைப்பு. இவர்களது குழூஉக்குறியில் திறமை குறைந்து ஆடுபவனுக்கு 'மீன்' என்று பெயர். அவன் மடத்தனமாக ஆடி, தற்செயலாக வென்றாலும் அவனைக் கடிந்துகொள்ளக் கூடாது, அவன் பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்திவிடவும் கூடாது என்பது எழுதாச் சட்டம். "தொட்டியின் கண்ணாடியைத் தட்டாதே" என்பார்கள். தட்டினால் மீன் மிரண்டு ஓடிவிடும். எனவே அவனிடம் இன்முகம் காட்டுகிறார்கள், நகைச்சுவை பேசுகிறார்கள், பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். வெல்லும்போது நன்றாக ஆடினீர்கள் என்று புகழ்கிறார்கள். கூடம் தன் பங்குக்கு இலவசமாக மதுக்கோப்பை நீட்டுகிறது.

இன்முகம் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், அந்த மேசையில் உண்மையான தோழமையும் உண்டு என்று அன்பர் சொல்வதை நான் நம்புகிறேன். தனிமையில் வாடும் முதியவருக்கு, தன் பெயரைச் சொல்லி வரவேற்கும் எட்டுப் பேர் உள்ள இடம் ஊரில் வேறில்லாமல் இருக்கலாம். (அதற்கு ஆலயங்களும் விடை சொல்ல வேண்டியிருக்கும்.) ஆனால் அவருடைய தோல்வி நிலைக்க வேண்டும் என்பதற்காகக் காட்டப்படும் அன்பு எத்தகைய அன்பு? கன்றின்மேல் கசாப்புக்காரன் காட்டும் பரிவுக்கும் அதற்கும் என்ன தொலைவு?

இங்கே புனித தாமஸ் அக்குவினார் மிகச் சரியாகக் கைகொடுக்கிறார். இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 32-ஆம் வினாவின் 7-ஆம் பிரிவில், முறைகேடாக வந்த பொருளிலிருந்து தர்மம் செய்யலாமா என்று ஆராயும்போது சூதில் வந்த பொருளையும் எடுத்துக்கொள்கிறார். சிறுவர், மனநலம் குன்றியோர் போலத் தம் பொருளைக் கையளிக்கும் உரிமையற்றோரிடம் வென்றது, ஏமாற்றி வென்றது, இவற்றோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறார்: ஊதிய ஆசையால் பிறனை ஆட்டத்துக்கு இழுத்து அவனிடம் வென்றது. இவற்றைத் திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டியதைத் தர்மமாகக் கொடுக்க இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி லாஸ் வேகஸ் மேசையைக் கண்டவரல்லர். ஆனால் இழுத்தல் என்ற ஒரு சொல்லில் அதன் உள்ளத்தைத் தொட்டுவிட்டார். தானாக வந்தவனோடு ஆடுவது வேறு, போகவிருந்தவனை இனிய சொல்லால் இருத்தி வைப்பது வேறு. மதுவால் தெளிவிழந்தவனை முதல்வகையோடு சேர்த்தெண்ணவும் நான் தயங்கமாட்டேன்.

திருவள்ளுவரும் சூது அதிகாரத்தின் தொடக்கத்தில் மீனைப் பேசுகிறார். ஆனால் அவர் கண்ணில் மீனாகத் தெரிபவன் தோற்றவனல்லன், வென்றவன். வென்ற பொருளே அவன் விழுங்கிய தூண்டில் முள். கேசினோவின் குழூஉக்குறியும் குறளும் ஒரே உவமையை எடுத்து நேரெதிர் மனிதரைக் காட்டுகின்றன. வெல்லும் ரெகுலரின் வாழ்வை நோக்கினால் வள்ளுவர் கூற்று மிகையன்று. புதிதாக ஒருவர் கதவைத் திறந்து வரும்போது, "இவர் யார்?" என்று கேட்குமுன் "இவரிடம் எவ்வளவு?" என்று அவன் மனம் கேட்கப் பழகிவிடுகிறது. அயலான் வருமானமாகத் தெரியும் அந்தப் பார்வை மேசையோடு நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

லாஸ் வேகஸில், சூதுக்கூடங்கள் நிறைந்த பெருஞ்சாலைக்கு அருகிலேயே காவல் தூதர் பேராலயம் 1963 முதல் நிற்கிறது. அந்நகர் மறைமாவட்டம் 2023-இல் உயர்மறைமாவட்டமாக்கப்பட்டது. அப்பேராலயத்தின் காணிக்கைத் தட்டில் கேசினோச் சிப்புகளும் விழுவதுண்டு. அதைக் கேட்டுச் சிரிப்பவர் பலர். சிப்பு போட்டவர் அதை எவ்வாறு வென்றார் என்று தட்டு ஏந்துபவரால் கேட்க முடியாது, போடுபவர் கேட்டுக்கொள்ளலாம்.

அன்பருக்கு நான் எழுதியது சுருக்கமானது. தெளிந்த அறிவோடு, தன் மிச்சப் பணத்தோடு, தானே விரும்பி வந்தவரிடம் வஞ்சகமின்றி வென்றதைத் திருப்பித்தர வேண்டும் என்று நான் சொல்லவில்லை, திருச்சபையும் சொல்லவில்லை. முதியவர் நிலை வேறாக இருக்கலாம். அவர் இழப்பது பொழுதுபோக்குச் செலவா, வாடகையும் மருந்துமா என்பதைப் பொறுத்தே 2413-ஆம் எண் அவருக்குப் பொருந்தும். அதை மேசையில் கேட்க முடியாது. அங்கே அக்கேள்வியும் ஓர் ஆட்ட உத்தியாகிவிடும். "தம்பி, ஞாயிறு திருப்பலிக்குப் பின் அவரோடு காப்பி அருந்துங்கள், அவர் தோற்கும் காரணத்தை, உங்களுக்குத் தெரிந்தவரை, அவருக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர் திருந்தி ஆடினால் உங்கள் வரவு குறையும். ஆட்டத்தையே விட்டால் இன்னும் குறையும். அநாதை இல்லத்துக்கு அனுப்பும் பத்திலொன்றை, அவருக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறீர்களா என்று அறியும்வரை, அனுப்பாமல் வைத்திருங்கள்" என்று எழுதினேன்.

ரெகுலர்கள் தம்மைக் கண்ணாடியைத் தட்டுபவன் என்று ஏசுவார்களே என்று அவர் மறுமொழி எழுதியிருந்தார். ஏசுவார்கள்தாம்.